பாரந் தூக்குதல்

எம்மூராகிய புன்னக்காயலைக் குறித்து எழுதப் புகுவோர் பெரும்பாலும் தொடங்கும் இடம் ஒன்றுண்டு. பொருநையாறு கடலொடு கலக்குமிடம் இஃது என்பர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியாரின் அடிபட்ட மண் என்பர். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழில் ஆக்கித் தந்த அண்டிரிக்கு அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் என்பர். இவை யாவும் உண்மையே. சிறு வயது முதல் யாமும் இவற்றைக் கேட்டே வளர்ந்தோம். ஆயின் ஈண்டு யாம் எழுத எடுத்துக்கொண்டது இவற்றுள் ஒன்றுமன்று. ஒரு சிறு டிராக்டர், அதன் முன்னே பூட்டிய இரும்புக் கைகள், எம் வீட்டு வாசற் படிக்கல் ஆகிய மூன்றுமே இக்கட்டுரையின் பொருளாகும். இதனைக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என ஐயுற்றிருந்தோம். எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் நிகழ்ந்ததைக் கேட்டு, “நெம்புகோற் பாடத்தை நீர் பரீட்சைக்குப் படித்தீர், கல்லுக்குப் படித்தீரில்லை” என்று நகைத்தனர். அந்நகையே எமக்குத் துணிவு தந்தது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்கோடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எம்மூருக்கு அணித்தாயுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டுக்குப் போதுமான நீரை வானம் ஓரிரவிலும் ஒரு பகலிலும் கொட்டிவிட்டது என்றே கூறலாம். திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மலையிலிருந்து இறங்கிய நீரும், குளங்கள் உடைத்துக்கொண்டு வந்த நீரும், வானத்து நீரும் ஒருங்கே கூடி, கடலுக்குட் செல்ல வழி தேடி வந்து சேரும் வாய்க்கடையில் எம்மூர் அமைந்திருப்பதால், அங்கு நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீர் வடிந்தபின் எஞ்சியது சேறு. வீதியிற் சேறு, முற்றத்திற் சேறு, வலைக் குவியலிற் சேறு, திருமண அழைப்பிதழ்கள் வைத்திருந்த பெட்டியிலும் சேறு.

எம் வீட்டு வாசலில் வெள்ளம் அடிமண்ணை அரித்துச் சென்றமையால் படிக்கல் புரண்டு, இரண்டு பாகந் தொலைவில் ஒரு பக்கம் புதைந்து கிடந்தது. அஃது எம் பாட்டனார் காலத்துக் கருங்கல். எட்டு ஆட்கள் கம்பு கட்டித் தோளிற் சுமந்து கொணர்ந்தனர் என்று வீட்டிற் சொல்லுவார்கள். எம் அன்னையார் காய்ந்த மீனைக் கூறு போட்டதும், யாம் எழுத்துக் கற்றதும், தந்தையார் கடலிலிருந்து திரும்பிக் கால் கழுவியதும் அக்கல்லின்மேலேதான். வீட்டைச் செப்பனிடுமுன் அதனைப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று அன்னையார் பிடிவாதமாயிருந்தனர்.

எட்டு ஆட்களுக்கு அந்நாட்களில் எங்கே போவது? ஊரில் ஒவ்வொருவர்க்கும் தத்தம் வீட்டுச் சேறே போதுமானதாயிருந்தது. ஆத்தூர்ப் பக்கத்தில் வாழை பயிரிடும் நண்பர் ஒருவர், குலையும் எருவும் ஏற்றுதற்கென வைத்திருந்த சிறு டிராக்டரை, சேறு அள்ளிக்கொள்ளுமாறு சில நாட்களுக்கு எமக்கு மனமுவந்து தந்தனர். முன்புறம் இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் நுனியில் ஒரு பக்கெட்டும் பூட்டப்பட்டிருந்தன. லோடர் என்று அதனை வழங்குவர். சேறு அள்ளுவதில் அஃது எம்மை வியப்பில் ஆழ்த்தியது. பத்துப் பேர் ஒரு பகலிற் செய்யும் வேலையை முற்பகலில் முடித்தது. மூன்று நாள் அதன்மேல் அமர்ந்து நெம்பிகளை அசைத்துப் பழகியவுடன், யாம் ஏதோ பெருவல்லமை பெற்றுவிட்டதாக ஓர் எண்ணம் எம்முள் முளைத்தது. ஆபத்துக்கு முன்னோடியாய் வருவது பெரும்பாலும் அவ்வெண்ணமே.

நான்காம் நாள் கல்லைத் தூக்க முற்பட்டோம். பக்கெட்டின் உதட்டில் ஒரு சங்கிலியைச் சுற்றிக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். எம் இளவல் கல் ஆடாதிருக்கும்பொருட்டு அதன்மேற் கை வைத்து முன்னே நின்றான். நெம்பியை மெல்ல இழுத்தோம். கல் சேற்றை விட்டு ஒரு சாண் எழும்பியது. வண்டி அசையவில்லை. “தூக்கிவிட்டது” என்று இளவல் கூவினான். வாசலருகே மண்மேடு ஒன்று இருந்தமையின் அதனைக் கடக்கக் கல்லை இன்னும் சற்று உயர்த்தினோம். அரை ஆள் உயரம் வந்திருக்கும். அப்பொழுது இருக்கையின்கீழ் ஏதோ இலேசாயிற்று. ஓடத்தில் அமர்ந்திருக்கையில் அலை அடியிற் புகுந்தாற் போன்ற ஓர் உணர்ச்சி. திரும்பிப் பார்த்தால் பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்திருந்தன. பிரேக்கை மிதித்தோம், பயனில்லை. வண்டி தானாகவே முன்னே நகர்ந்தது. கல் ஊசலாடியது. ஸ்டியரிங்கைத் திருப்பினோம், அது மேலும் கேடாயிற்று. வண்டி இடப்புறம் சாயலாயிற்று.

“ஏலே, எறக்கு! கீழ எறக்குலே!”

திண்ணையில் அமர்ந்திருந்த எம் மாமா எழுப்பிய குரல் அது. யாம் சிந்தித்துச் செய்தோமில்லை. அக்குரலுக்கு அஞ்சியே கை நெம்பியைத் தள்ளியது. கல் தொப்பென்று விழுந்தது. பின் சக்கரங்கள் தரையில் மோதிய அதிர்ச்சியில் எம் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. கல்லின் ஒரு மூலை அடியிற் கிடந்த செங்கற்குவியலில் மோதி உடைந்து தெறித்தது. இளவலின் வலக்காலுக்கும் கல் விழுந்த இடத்துக்கும் இடையே இருந்த தொலைவைப் பின்னர் யாம் கையால் அளந்தோம்; ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அவன் சிரித்துக்கொண்டு நின்றான். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு முழுதும் அந்த ஒரு சாணே கண்முன் நின்றது.

எம் மாமா இளமையில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகளில் வேலை பார்த்தவர். பள்ளியில் அதிகம் பயின்றவரல்லர். யாம் வண்டியை அணைத்துவிட்டு வெட்கத்தோடு திண்ணைக்கு வந்தபொழுது அவர் கடிந்துகொள்ளவில்லை. “தோணியில பாய் விரிக்க முன்ன அடியில பாரம் இருக்கான்னு பாப்போம். ஒனக்கு அடியிலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. முன்னுக்கு மட்டும் கல்லக் கெட்டித் தொங்கவிட்டா வண்டி என்ன செய்யும், மருமவனே?” என்று மட்டும் கேட்டனர். கேட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தனர்.

அவ்வினாவுக்கு விடை காணும்பொருட்டு யாம் மறுநாள் இரண்டு காரியங்கள் செய்தோம். முதலாவது, கல்லை அளந்தோம். நீளம் ஐந்து அடி, அகலம் ஒன்றரை அடி, கனம் ஓரடி. ஆகவே ஏழரைக் கன அடி. கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 76 கிலோ இருக்கும். கணக்கிட, கல்லின் எடை 570 கிலோ என்று தெரிந்தது. இக்கணக்கைத் தூக்குமுன் செய்திருக்கலாம். நாலாம் வகுப்புச் சிறுவனும் செய்வான். தாம் தூக்கும் பொருளின் எடையைத் தூக்குவோர் பலரும் கண்ணாலேயே மதிப்பிடுகின்றனர். கண்ணோ பருமனைக் காணுமேயன்றி எடையைக் காணாது. நனைந்த மணல் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னுக்கு அருகில் வரும் என்பதும், உலர்ந்த வலைக்கும் நீரில் ஊறிய வலைக்கும் எவ்வளவு வேற்றுமை உண்டென்பதும் எம்மூரார் தோளுக்குத் தெரியும். வண்டியில் ஏறியவுடன் தோள் மறந்துவிடுகிறது.

இரண்டாவது, வண்டியை உப்பு லாரிகள் எடை போடும் எடைமேடைக்கு ஓட்டிச் சென்றோம். முழு வண்டியையும் ஏற்றி ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை என மூன்று முறை நிறுக்கச் சொன்னோம். எடை போடுபவர் எம்மை ஒருவிதமாய் நோக்கினர். எனினும் நிறுத்துத் தந்தனர். யாம் அமர்ந்திருக்கையில் வண்டி 1,100 கிலோ. அதில் முன் சக்கரங்களில் 620, பின் சக்கரங்களில் 480. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர்.

இனிப் பழைய ஏற்றத்தை நினைவுகூர வேண்டும். பொருநைக் கரையில் நிலத்துக்கு நீர் இறைத்த ஏற்றத்தை இளைஞர் பலர் கண்டிரார். யாமும் படத்திற் கண்டதே மிகுதி. நடுவே ஒரு தூண். அதன்மேல் ஒரு மரம். ஒரு முனையிற் சால் தொங்கும். மரத்தின்மேல் ஆள் நடந்து, தன் உடலின் எடையைக்கொண்டே நீர் நிறைந்த சாலை மேலே எழுப்புவான். அவன் முன்னே நடந்தாற் சால் இறங்கும். பின்னே நடந்தால் எழும். டிராக்டரும் அத்தகையதே. அதன் முன் அச்சே தூண். முன்னே தொங்கும் கல் சால். பின் சக்கரங்களின்மேல் உள்ள எடையே மரத்தின்மேல் நடக்கும் ஆள். ஒன்றரை மீட்டருக்கு அப்பால் 480 கிலோ நிற்கிறது. இரண்டையும் பெருக்க 720. இதுவே எம் வண்டியின் முழுக் கையிருப்பு. கல் தரையருகே இருந்தபொழுது முன் அச்சிலிருந்து அதன் தொலைவு 1.25 மீட்டர், 570-ஐ 1.25-ஆற் பெருக்க 712. ஆகவே மயிரிழையில் வண்டி நின்றது. யாம் தூக்கிவிட்டதாக மகிழ்ந்தோம்.

இனித்தான் சூழ்ச்சி. லோடரின் கைகள் வண்டியின் நடுப்பகுதியில் உயரமான இடத்திற் கீல் பூட்டப்பட்டுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. அவை எழும்புகையில் நேராக மேலே எழுவதில்லை. வட்டத்தின் ஒரு பகுதியாக வளைந்து எழுகின்றன. எனவே அரை ஆள் உயரம் வரும்வரையில் பாரம் மேலே செல்லுவதோடு முன்னேயும் செல்லுகிறது. எம் கல் அவ்வுயரத்தில் 1.4 மீட்டர் தொலைவுக்குப் போய்விட்டது. 570-ஐ 1.4-ஆற் பெருக்குக: 798. கையிருப்போ 720. கல் ஒரு கிலோவும் கூடவில்லை. வண்டி ஒரு கிலோவும் குறையவில்லை. தொலைவு ஒன்றே ஒரு சாணுக்கும் குறைவான அளவு கூடியது. அச்சாணும் இளவலின் காலுக்கு எஞ்சிய சாணும் ஒன்றுக்கொன்று உறவு போலும்.

லோடரின் பக்கவாட்டில் ஒரு சிறு தகட்டில் 400 கிலோ என்று பொறிக்கப்பட்டிருந்ததையும் அப்பொழுதே கண்டோம். மூன்று நாளும் அது சேற்றால் மூடப்பட்டிருந்தது என்று சொல்லித் தப்பலாம்; துடைத்துப் பார்க்க எமக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை. முழு உயரத்துக்குத் தூக்கவல்ல அளவே அத்தகட்டில் இருக்கும். தரையருகே அதனினும் மிகுதியாகத் தூக்கும் ஆற்றல் இவ்வியந்திரங்களுக்கு உண்டு. அவ்வாற்றலே எம்மை ஏமாற்றியது. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கைகளுக்குத் தம் பின்னே நிற்கும் வண்டியின் எடை தெரியாது. அழுத்தம் உள்ளவரையில் அவை தூக்கும்; கல் எழாவிடில் வண்டியை எழுப்பும்.

அடைபட்ட நீர்மத்தின்மேல் ஓரிடத்திற் செலுத்திய அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒருபடியாகப் பரவும் என்று கண்டவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். கடவுளையும் மனிதனின் சிறுமையையும் குறித்துச் சிந்தித்த அப்பெரியாரே இதனையும் சிந்தித்தார் என்பது எம்போன்ற கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்க்கு உவப்பான செய்தி. 1795-இல் ஆங்கிலேயரான பிராமா என்பவர் அத்தத்துவத்தைக்கொண்டு ஓர் அழுத்தப்பொறி செய்து உரிமை பெற்றனர். டிராக்டரின் பின்னே மூன்று இரும்புக் கைகளில் ஏர்க்கருவியைப் பூட்டி எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர் ஐரிஷ்காரரான ஹாரி பெர்குசன். அம்முறையோடு ஃபோர்டு நிறுவனத்தார் செய்த டிராக்டர் 1939-இல் வெளிவந்தது. அவர் பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் சென்னையில் 1960-இல் தோன்றிய டாஃபே நிறுவனத்தார் செய்யலாயினர். நம் நாட்டு வயல்களில் அப்பெயரை அறியாதார் இலர். பெர்குசனுடைய அந்த மூன்று கைகளே பின்னர் எம்மைக் காத்தன. அதனை இனிக் கூறுவோம்.

அதற்குமுன், பிரேக் ஏன் பயன்படவில்லை, வண்டி ஏன் பக்கவாட்டிற் சாய்ந்தது என்னும் இரண்டையும் விளக்க வேண்டும். இவை எமக்கு முன்னர்த் தெரியாதவை. டிராக்டர்களிற் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கே உண்டு. பின் சக்கரம் தரையைத் தொடாதபொழுது பிரேக்கை மிதிப்பது, படகு கரையில் இருக்கத் துடுப்பை வானில் வீசுவது போலாம். சாய்ந்ததற்குக் காரணம் வேறு. டிராக்டரின் முன் அச்சு வண்டியோடு அசையாமற் பிணைக்கப்பட்டதன்று. மேடுபள்ளத்துக்கு ஏற்ப இருபுறமும் ஆடும்படி நடுவில் ஒரே ஆணியிற் கோக்கப்பட்டது. ஆகவே வண்டி நான்கு கால்களில் நிற்பதாகத் தோன்றினும், உண்மையில் அது முக்காலியே: பின்னே இரண்டு சக்கரங்கள், முன்னே அந்த ஓர் ஆணி. முக்கோணத்தின் அடிப்பகுதி அகலம், நுனி குறுகியது. முன்னே பாரம் ஏற ஏற, வண்டியின் முழு எடையும் ஒருங்கு நிற்கும் புள்ளி அகன்ற அடியை விட்டுக் குறுகிய நுனியை நோக்கி நகர்கிறது. அந்நுனியில் நிற்கும்பொழுது ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினும், ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினும், கல் சற்றே ஊசலாடினும் வண்டி புரளும். பாரம் உயர்ந்திருப்பின் இன்னும் எளிதிற் புரளும். அன்று யாம் பின் சக்கரங்கள் எழுந்ததையே கண்டு அஞ்சினோம். அஞ்சத் தக்கது பக்கவாட்டுச் சாய்வே. முன்பக்கம் கவிழ்வதைப் பக்கெட்டே பெரும்பாலும் தரையில் ஊன்றித் தடுத்துவிடும். பக்கத்தில் தடுப்பதற்கு யாதுமில்லை. எம் வண்டியில் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவும் இல்லை.

இவ்வளவும் அறிந்தபின் மாமாவின் கூச்சலிலுள்ள அறிவு எமக்கு விளங்கிற்று. பின் சக்கரம் எழும்பினால் செய்ய வேண்டுவது ஒன்றே: பாரத்தை இறக்குதல். பிரேக்கை மிதித்தலும் அன்று, திருப்புதலும் அன்று, குதித்தோடுதலும் அன்று. ஆயின் இறக்குவதற்கும் முன்னே இடம் காலியாக இருக்க வேண்டும். எம் இளவல் அங்கே நின்றான். அவனை அங்கே நிறுத்தியவர் யாமே.

கல்லை நிறுத்துப் பார்த்த அன்றே மாமா வீட்டின் பின்புறத்தேயிருந்து ஒரு பழைய 200 லிட்டர் டீசல் பீப்பாயை உருட்டி வந்தனர். அதில் ஏறத்தாழ 125 லிட்டர் அளவுக்குக் கான்கிரீட் கலந்து நிரப்பினோம். நடுவில் இரும்புக் கம்பிகளைப் பதித்து, டிராக்டரின் பின்னுள்ள மூன்று கைகளிலும் கோக்கும்படி அமைத்தோம். ஒரு வாரம் நனைத்து இறுகவிட்டோம். அதுகாறும் அன்னையார் ஒரு பலகையின்மேல் ஏறி இறங்கினர். நாள்தோறும் அதனைக் குறித்து ஒரு சொல்லும் கூறினர். அப்பீப்பாய் 300 கிலோ. பின் அச்சுக்கும் பின்னே 80 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது முன் அச்சிலிருந்து 2.3 மீட்டர் தொலைவில் அது நின்றது. 300-ஐ 2.3-ஆற் பெருக்க 690. முன்னிருந்த 720-ஓடு கூட்ட 1,410. கையிருப்பு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. பின்னே 300 கிலோ வைப்பது வண்டியின் நடுவே 300 கிலோ வைப்பதற்குச் சமமன்று என்பது இதனால் விளங்கும். சிலர் பின்னே ஆட்களை ஏற்றி நிறுத்துகின்றனர். இதனை யாம் பலமுறை கண்டுள்ளோம். வண்டி குலுங்கினால் அப்பாரம் தானே கீழே விழும் என்பதையும், விழுந்த இடம் பின் சக்கரத்தின் வழியே என்பதையும் அவர்கள் எண்ணுவதில்லை.

இனிக் கல்லைத் தாராளமாகத் தூக்கலாம் என்று யாம் மீண்டும் எழுந்தோம். மாமா கையமர்த்தினர். “தூக்கணும்னு யாரு சொன்னா? ஒரு தலைய எழுப்பு. போதும்” என்றனர்.

கணக்கிட்டுப் பார்த்தோம். பின்பாரம் வண்டி கவிழாமற் காக்கும். ஆயின் முன் அச்சு தாங்கும் சுமையை அது மிகக் குறைப்பதில்லை. முழுக் கல்லையும் அரை ஆள் உயரம் தூக்கினால், பின்பாரம் கட்டியிருந்தும் முன் அச்சின்மேல் ஏறும் எடை 1,560 கிலோ. வெறும் வண்டியில் அது சுமந்தது 620 மட்டுமே. அச்சு முறியலாம், டயர் பிதுங்கலாம், சேற்றில் முன் சக்கரம் அமிழலாம். தகட்டிலுள்ள 400 கிலோவையும் மீறுவோம். கல்லின் ஒரு தலையை மட்டும் எழுப்பினாலோ, மற்றைத் தலையை நிலமே தாங்கிக்கொள்ளும்; எமக்கு வருவது 285 கிலோ. அப்பொழுது பின் சக்கரங்களில் 700 கிலோ எஞ்சி நிற்கும்.

அங்ஙனமே செய்தோம். பக்கெட்டின் உதட்டிற் சங்கிலியைச் சுற்றாது, அதன் முதுகில் நடுவே உறுதியாகப் பற்றவைத்த கொக்கியில் மாட்டினோம். உதட்டிற் சுற்றிய சங்கிலி வழுக்கிக்கொண்டே ஓரத்துக்குப் போகும் என்பது முதல் நாள் அனுபவம். ஒரு தலையை ஒரு சாண் மட்டும் எழுப்பினோம். இளவல் இம்முறை எட்டி நின்று, நீண்ட கழியின் நுனியால் தென்னங்கட்டை ஒன்றைக் கல்லின்கீழ்த் தள்ளினான். இறக்கினோம். அடுத்துக் கட்டை, அடுத்துக் கட்டை என மூன்று கட்டைகள். படகைக் கரையேற்றக் கட்டைகளை உருட்டும் அதே முறை. எம்மூர்ச் சிறுவர்க்குச் சொல்லித்தர வேண்டாத கலை. பிறகு கல்லில் நீண்ட கயிறு கட்டி, டிராக்டரின் பின்னே மிகத் தாழ்வாயுள்ள கொக்கியில் மாட்டி மெல்ல இழுத்தோம். பின் அச்சுக்கு மேலே கயிற்றைக் கட்டி இழுத்தால் முன் சக்கரம் எழுந்து வண்டி பின்னே புரண்டு ஓட்டுநர்மேல் விழும். அத்தகைய விபத்துக்கள் உலகெங்கும் உழவர் உயிரைக் கவர்ந்துள்ளன. இழுக்கும்பொழுது கயிற்றுக்கு இருபுறமும் ஒருவரையும் நிற்கவிடவில்லை. அறுந்த கயிறு எப்பக்கம் வீசும் என்பதை எம்மூரில் விளக்க வேண்டுவதில்லை. மண்மேட்டையோ முன்னரே வெட்டிச் சமன் செய்துவிட்டோம். முதல் நாளே அதனை வெட்டியிருந்தால் கல்லை உயர்த்தவே நேர்ந்திராது. கால் மணி நேர மண்வெட்டி வேலைக்குச் சோம்பியே அன்று இளவலின் காலைப் பணயம் வைத்தோம்.

கல் வாசலை வந்தடைய முற்பகல் முழுதும் சென்றது. எட்டு ஆட்கள் சுமந்திருப்பின் ஒரு நாழிகையில் முடிந்திருக்கும் என மாமா கூறினர். கூறிவிட்டு, அந்த எண்மருள் ஒருவர் அன்று இடுப்புப் பிடித்துப் பின்னர்க் கடலுக்கே போகவில்லை என்பதையும் சேர்த்துக் கூறினர். நம் முன்னோர் வழிநெடுகச் சுமைதாங்கிக் கற்களை நட்டதன் பொருள் எமக்கு அப்பொழுது புதிதாய்த் தோன்றியது. இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தித் தோளுயரத்தில் அமைத்த அச்சுமைதாங்கிகள், கருவுற்ற நிலையில் இறந்த மகளிர் நினைவாக நடப்பட்டவை. வழிச்செல்வோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி, பிறர் உதவியின்றியே மீண்டும் ஏற்றிக்கொள்ளும் உயரம் அது. சுமை சுமப்போனுக்கு மிகக் கடினமானது நடத்தலன்று, குனிந்து தூக்குதலும் குனிந்து இறக்குதலுமே என்பதை அறிந்தவர் வகுத்த உயரம்.

அந்நாட்களில் யாம் கற்ற பிற சிலவற்றையும், ஊரில் இத்தகைய வண்டியை வாங்க எண்ணுவோர் உளராதலின், ஈண்டுக் குறிக்கின்றோம். பாரத்தோடு செல்லுகையிற் பக்கெட்டு தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருத்தல் ஆகாது. முழங்கால் தெரியும் உயரத்தில் சென்றால் நெஞ்சும் தெரியும் காலம் வரும் என்று எம் மாமா தம் வழக்கப்படி கூறுவர். ஆற்றங்கரைச் சரிவில் ஏறும்பொழுது முன்னோக்கியும், இறங்கும்பொழுது பின்னோக்கியும் செல்லல் வேண்டும். பாரம் என்றும் மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். சரிவிற் குறுக்கே செல்லுதல் கூடவே கூடாது. உயர்த்திய கைகளின்கீழ் ஒருவரும், எக்காரணம் பற்றியும், ஒரு கணமும் செல்லலாகாது. எண்ணெய்க் குழாய் வெடித்தால் அக்கைகள் எச்சரிக்கை செய்துவிட்டு இறங்குவதில்லை. குழாயில் எண்ணெய் கசிகிறதா எனக் கையாலே தடவிப் பார்த்தல் பெரும் பிழை. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடிற் கையையே இழக்க நேரும். அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்ப்பதே முறை. வண்டியை விட்டு இறங்குமுன் பக்கெட்டைத் தரையில் வைத்துவிட வேண்டும். யாம் இதனை முதல் மூன்று நாளும் செய்ததில்லை. தேநீர் குடிக்கச் செல்லுகையில் பக்கெட்டை உயரவே நிறுத்திச் செல்வோம், நிழலுக்காகச் சிறுவர் அதன்கீழ் அமர்ந்திருப்பர். இப்பொழுது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

டிராக்டரைத் திருப்பித் தரச் சென்றபொழுது நிகழ்ந்தது முழுவதையும் நண்பரிடம் மறைக்காது சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, வாழைக்குலை ஏற்றுகையில் தமக்கும் இருமுறை பின் சக்கரம் எழுந்ததுண்டு என்றும், அது வண்டியின் இயல்பு என எண்ணியிருந்ததாகவும் கூறினர். பின்பு அந்தக் கான்கிரீட் பீப்பாயைத் தமக்குத் தர இயலுமா எனக் கேட்டனர். அடுத்த கிழமை எம் மாமாவே உடன் சென்று அதனைக் கொடுத்து, கைகளிற் கோத்துக் காட்டிவிட்டு வந்தனர்.

படிக்கல் பழைய இடத்தில் இருக்கிறது. உடைந்த மூலையைச் சிமெண்டு பூசி மறைத்துவிடலாம் என்று கொத்தனார் கூறினர். அன்னையார் இசையவில்லை. மாலையில் எம் இளவல் அந்த மூலையிலேதான் காலை நீட்டி அமர்ந்து வலை பொத்துகிறான்.